ஒன்பது மணி வகுப்புக்கு ஆறரைக்கே கிளம்புவது ஏன்?

காலை ஆறே முக்கால். திருநின்றவூர் ரயில் நிலையத்து நடைமேடை அதற்குள் பாதி நிறைந்திருக்கும். தலைமுடி ஈரம் இன்னும் காயாத பெண்கள், முழங்காலில் ரெக்கார்டு நோட்டை வைத்துப் படம் வரைந்துகொண்டிருக்கும் பையன்கள், நேற்று இரவு ஷிப்டு முடித்துவிட்டு இன்று காலை வகுப்புக்குப் போகும் ஓரிருவர். எல்லோரும் சென்ட்ரல் பக்கம் போகும் மின்சார ரயிலுக்காக நிற்கிறார்கள். கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒரு கல்லூரியில் ஒன்பது மணிக்கு முதல் வகுப்பு. தூரம் முப்பது சொச்சம் கிலோமீட்டர்தான். வீட்டைவிட்டுக் கிளம்பியது ஆறரைக்கு.

மூன்று வருடம் இந்த வழியில்தான் நானும் கல்லூரிக்குப் போனேன். அப்போதெல்லாம் இதைப் பற்றி யோசித்ததில்லை, இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் ஒன்று உறைத்தது. இந்த இரண்டரை மணி நேரத்தில் வண்டி உண்மையில் ஓடும் நேரம் ஒரு மணிக்குக் கொஞ்சம் மேல். நடப்பதற்கு அரை மணி போனாலும், மீதி ஏறக்குறைய ஒரு மணி நேரம் எதற்கு? அது காத்திருப்பதற்கும், ஒருவேளை காத்திருக்க வேண்டி வந்தால் என்று முன்கூட்டியே ஒதுக்கி வைப்பதற்கும். சென்னையில் படிக்கும் ஒரு மாணவரின் பயணத்தைப் புரிந்துகொள்ள, தூரத்தைவிட இந்த ஒரு மணி நேரத்தைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் வீடும் கல்லூரியும் ஏன் இவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கின்றன என்று பார்த்துவிடலாம். சென்னையின் பழைய கல்லூரிகள் பெரும்பாலும் நகரின் நடுப்பகுதியில் இருப்பவை. மாநிலக் கல்லூரியும் ராணி மேரி கல்லூரியும் காமராஜர் சாலையில், கடலைப் பார்த்தபடி நிற்கின்றன. பச்சையப்பன் கல்லூரி சேத்துப்பட்டில். 1925-ல் தொடங்கிய லயோலா, நுங்கம்பாக்கம் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில். சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு 1937-ல் இடம் மாறியது. அன்றைக்குத் தாம்பரம் என்றால் ஊருக்கு வெளியே காடு மாதிரிதான். ஆனால் அதற்கு ஆறு வருடம் முன்பே, 1931-ல், பீச்–தாம்பரம் பாதையில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்திருந்தது. ரயில் முதலில், கல்லூரி அப்புறம். இந்த வரிசை மிக முக்கியம் என்று நினைக்கிறேன். ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவே ‘இந்து கல்லூரி’ என்றே ஒரு நிலையம் இருக்கிறது. ரயில் அந்தக் கல்லூரி வாசலுக்கே வந்துவிட்டது என்பதை அந்தப் பெயரே சொல்கிறது.

1984-ல் தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்த பிறகு இந்த வரிசை தலைகீழானது. நிலம் மலிவாகக் கிடைத்த இடங்களில் கல்லூரிகள் எழுந்தன. பூந்தமல்லி தாண்டி, ஸ்ரீபெரும்புதூர் வழியில், ராஜீவ் காந்தி சாலையின் தென்கோடியில். அங்கே ரயிலும் இல்லை, போதிய பஸ்ஸும் இல்லை. அதனால் அந்தக் கல்லூரிகள் தங்கள் சொந்த பஸ்களை ஓட்டுகின்றன, அதற்குத் தனியாகப் பணமும் வாங்குகின்றன. அந்தச் செலவைத் தாங்க முடியாத குடும்பத்துப் பிள்ளைகள்தான், கட்டணம் குறைந்த அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளைத் தேடி நகரின் நடுவுக்கு வருகிறார்கள். அவர்களுடைய வீடுகளோ வாடகை உயர உயர வெளியே தள்ளிக்கொண்டே போயின. அரக்கோணம், கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, செங்கல்பட்டு என்று மூன்று பக்கமிருந்தும் காலை ரயில்கள் மாணவர்களைக் கொண்டுவந்து கொட்டுவது இதனால்தான். கையில் பணம் குறைவாக இருப்பவர்தான் அதிக தூரம் வருகிறார். அவர் கையில் இருப்பது நேரம் மட்டும். அதைத்தான் செலவழிக்கிறார்.

சரி, ரயிலில் ஏறியாகிவிட்டது. வேப்பம்பட்டிலோ திருவள்ளூரிலோ ஏறியவர்கள் இடம் பிடித்து உட்கார்ந்திருப்பார்கள். ஆவடியில் ஒரு அலை, அம்பத்தூரில் இன்னொரு அலை, வில்லிவாக்கத்துக்குப் பிறகு உள்ளே கையைத் தூக்கினால் கீழே இறக்க இடமிருக்காது. ஆனாலும் ரயில் பயணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மின்சார ரயிலுக்கு சிக்னல் நெரிசல் இல்லை, அதற்கென்று தனிப் பாதை இருக்கிறது. மாணவர் சீசன் டிக்கெட் பாதி விலைக்குக் கிடைக்கிறது. குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய் என்ற அளவில் இவ்வளவு தூரம் மனிதர்களை ஏற்றிச் செல்லும் வேறு வாகனம் இந்த ஊரில் கிடையாது. எத்தனையோ பேர் அந்த ஒரு மணி நேரத்தில்தான் தேர்வுக்குப் படித்தார்கள், அசைன்மென்ட் எழுதினார்கள், நண்பர்களைக் கண்டுபிடித்தார்கள். கதவோரத்தில் யாராவது பெட்டியைத் தட்டிக் கானா பாட ஆரம்பித்தால், சமோசா விற்பவர்கூட ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டுப் போவார்.

சிக்கல் ரயில் நின்ற பிறகு தொடங்குகிறது.

மேற்குப் பாதை ரயில் சென்ட்ரல் பக்கத்தில் உள்ள மூர் மார்க்கெட் நிலையத்தில் முடிகிறது. தெற்குப் பாதையில் தாம்பரம் போகும் ரயில் பார்க் நிலையத்தில் நிற்கும். மெரினா பக்கமாக வேளச்சேரி வரை உயர்த்திய பாதையில் போகும் பறக்கும் ரயில், பார்க் டவுன் நிலையத்தில். மெட்ரோவுக்கு நிலத்தடியில் தனி நிலையம். நான்கும் ஒன்றுக்கொன்று நடக்கும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் பெரியார் சாலை நடுவே ஓடுகிறது. சுரங்கப் பாதையில் இறங்கி, ஏறி, மறுபடி படிக்கட்டு ஏறி, இன்னொரு நடைமேடைக்குப் போக வேண்டும். புதிதாக வருபவர் இதைப் பத்து நிமிடம் என்பார். பழகியவர் ஆறு நிமிடத்தில் ஓடிவிடுவார். இந்த ஆறு நிமிட ஓட்டத்தைவிட முக்கியமான விஷயம் வேறு: ஒரு வண்டியின் நேரத்துக்கும் இன்னொரு வண்டியின் நேரத்துக்கும் ஒட்டுறவே இல்லாமல் இருந்தது. மேற்கிலிருந்து வரும் ரயில் மூன்று நிமிடம் தாமதம் என்றால், பறக்கும் ரயில் அதற்காகக் காத்திருக்காது. அடுத்தது வரப் பதினைந்து, இருபது நிமிடம் ஆகலாம். மூன்று நிமிடத் தாமதம் இங்கே வந்ததும் இருபது நிமிடமாகிவிடுகிறது. வண்டி மாறும் ஒவ்வொரு இடத்திலும் இதுதான் நடக்கிறது. சின்னத் தாமதத்தைப் பெரிய தாமதமாக மாற்றும் இடம் அது.

பறக்கும் ரயிலைத் தவறவிட்டவர்கள் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். இங்கேதான் கதை இன்னும் சிக்கலாகிறது.

‘ஒரு மணி நேரமா ஒரு பஸ்கூட வரல, இப்ப ஒண்ணா மூணு வருது’ என்று பஸ் நிறுத்தத்தில் யாராவது சொல்லாத நாள் உண்டா? கேட்டால் டிரைவர்கள் டீக்கடையில் பேசிக்கொண்டு ஒன்றாகக் கிளம்புகிறார்கள் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது உண்மையல்ல. யாருமே தவறு செய்யாவிட்டாலும் பஸ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எப்படி என்று பார்ப்போம்.

பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி மாதிரி ஒரு நீண்ட தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பஸ் ஒரு சிக்னலில் மாட்டி இரண்டு நிமிடம் தாமதமாகிறது. அந்த இரண்டு நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் கூடுதலாகச் சிலர் சேர்ந்துவிடுவார்கள். அவர்களை ஏற்றிக்கொள்ளக் கூடுதல் நேரம் வேண்டும். ஆக மூன்று நிமிடத் தாமதம். அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் அதிகம் பேர். பஸ் நிரம்ப நிரம்ப ஏறுவதும் இறங்குவதும் மெதுவாகும். கண்டக்டர் ‘உள்ள போங்க, உள்ள போங்க’ என்று கத்திக்கொண்டே இருப்பார், யாருக்கும் நகர இடமிருக்காது. பின்னால் வரும் இரண்டாவது பஸ்ஸுக்கோ நிறுத்தங்களில் ஆளே இருக்க மாட்டார்கள். எல்லோரையும் முதல் பஸ் அள்ளிக்கொண்டு போய்விட்டதே. அதனால் அது சீக்கிரம் சீக்கிரமாக வந்து முதல் பஸ்ஸைப் பிடித்துவிடும். இப்போது இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாக ஓடும். முன்னால் போவதில் மூச்சுவிட முடியாது, பின்னால் வருவதில் உட்கார இடம் கிடைக்கும். இவற்றுக்குப் பின்னால் பதினைந்து இருபது நிமிடத்துக்குச் சாலை வெறிச்சோடிக் கிடக்கும்.

இதனால் காத்திருப்பு எவ்வளவு கூடுகிறது தெரியுமா? ஒரு மணிக்கு ஆறு பஸ், சரியாகப் பத்து நிமிட இடைவெளியில் வந்தால், நிறுத்தத்துக்கு வரும் ஒருவர் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்பார். அதே ஆறு பஸ் இரண்டு இரண்டாக ஒட்டிக்கொண்டு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால், சராசரிக் காத்திருப்பு பத்து நிமிடம். பஸ் எண்ணிக்கை அதேதான், டீசல் செலவு அதேதான். டெப்போவின் கணக்கிலும் எல்லா ‘சிங்கிளும்’, அதாவது ஒவ்வொரு ஒருவழி நடையும், ஓடியதாகவே இருக்கும். காத்திருப்பு மட்டும் இரட்டிப்பு. அதிகாரிகளின் அறிக்கையும் பயணியின் அனுபவமும் ஒத்துப்போகாமல் இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

மாணவருக்கு இதில் இன்னொரு அடியும் உண்டு. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். நிறுத்தத்துக்கு வரும் எல்லா பஸ்ஸும் அவருக்கான பஸ் அல்ல. அரசுப் பள்ளி, அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பாஸ் இருக்கிறது. அது சாதாரணக் கட்டண பஸ்ஸில்தான் செல்லும், அதாவது வெள்ளை போர்டு. 2021 மே 8 முதல் பெண்களுக்குக் கிடைத்த கட்டணமில்லாப் பயணமும் அப்படித்தான். சொகுசு பஸ் வந்தால் காசு கொடுக்க வேண்டும். ஒரு தடத்தில் மணிக்கு ஆறு பஸ் ஓடி, அதில் மூன்றுதான் வெள்ளை போர்டு என்றால், மாணவியின் கைக்கடிகாரப்படி அது இருபது நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓடும் தடம். அந்த மூன்றில் இரண்டு ஒட்டிக்கொண்டால் நாற்பது நிமிடம் ஒன்றுமே இருக்காது. காலியாக வந்து போகும் சொகுசு பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே, ஏறலாமா வேண்டாமா என்று பர்ஸில் இருக்கும் சில்லறையை எண்ணும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கலாம். மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த காசு அது.

இதைச் சொல்வதால் கட்டணமில்லாப் பயணத்தைக் குறைத்துப் பேசுவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழு கணக்கிட்டது. கூலி வேலை செய்யும் வீட்டில் அது மகளின் படிப்பு தொடர்வதற்கும் நிற்பதற்கும் நடுவே உள்ள தொகை. என் வாதம் நேர்மாறானது. திட்டம் இவ்வளவு நல்லது என்பதால்தான் வெள்ளை போர்டு பஸ்கள் இன்னும் நிறைய வேண்டும், இன்னும் சீரான இடைவெளியில் வேண்டும் என்கிறேன்.

பஸ்கள் குறைவு என்பதையும் மறைக்க முடியாது. ஒரு லட்சம் மக்களுக்கு 60 பஸ்கள் இருப்பது நல்லது என்பது மத்திய நகர்ப்புற அமைச்சகத்தின் அளவுகோல். 2011 கணக்கெடுப்புப்படி சென்னைப் பெருநகரில் ஏறத்தாழ 86 லட்சம் பேர். மாநகர் போக்குவரத்துக் கழகத்திடம் இருப்பதோ 3,200-க்கும் 3,500-க்கும் இடைப்பட்ட எண்ணிக்கை. வகுத்துப் பார்த்தால் லட்சத்துக்கு நாற்பதுக்குப் பக்கத்தில்தான் வருகிறது. மக்கள் தொகை அதற்குப் பின் கூடிவிட்டதால் உண்மையில் இன்னும் குறைவு. 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி டெப்போவிலிருந்து 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. தாழ்தளம், ஏறுவது சுலபம், சத்தமில்லை. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்காகப் பல சாலைகளைத் தோண்டிவைத்த காலத்தில், புது பஸ்ஸும் பழைய பஸ்ஸும் ஒரே நெரிசலில்தான் நின்றன. எழுபது பேரை ஏற்றிய பஸ்ஸுக்கும் ஒரே ஆள் போகும் காருக்கும் சிக்னலில் ஒரே மரியாதைதான். நிறுத்தங்களையும் இடம் மாற்றினார்கள். நேற்று பஸ் நின்ற இடத்தில் இன்று தடுப்புத் தகரம் நிற்கும். புது நிறுத்தம் எங்கே என்று பூ விற்கும் அம்மாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது அந்த மீதி ஒரு மணி நேரத்துக்கு வருவோம். திருநின்றவூர் மாணவிக்கு எல்லாம் சரியாக அமைந்த நாளில் வீட்டிலிருந்து கல்லூரி போக ஒன்றே முக்கால் மணி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழேகாலுக்குக் கிளம்பினால் போதும். ஆனால் ரயில் பத்து நிமிடம் தாமதம், பறக்கும் ரயில் தவறியது, பஸ் வரவில்லை என்று எல்லாம் சேர்ந்த நாளில் இரண்டரை மணி ஆகிறது. எந்த நாள் அப்படி இருக்கும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியாது. அதனால் எல்லா நாளும் மோசமான நாளுக்கே கிளம்புகிறாள். நல்ல நாட்களில் எட்டேகாலுக்கே போய்ச் சேர்ந்து, கேட் திறந்திருந்தால் மரத்தடியிலும், திறக்காவிட்டால் வெளியே டீக்கடைப் பக்கத்திலும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். போக்குவரத்துத் திட்டங்களில் பயணம் எத்தனை நிமிடம் குறைந்தது என்று சொல்வார்கள். பயணம் எவ்வளவு நம்பகமாகியிருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. ஆனால் இந்த மாணவிக்கு ரயில் ஐந்து நிமிடம் வேகமாகப் போவதால் பெரிய லாபம் இல்லை. சொன்ன நேரத்துக்கு வந்தால் முக்கால் மணி நேரம் தூக்கம் திரும்பக் கிடைக்கும்.

அவள் ஏன் அவ்வளவு பயப்பட வேண்டும், ஒரு நாள் தாமதமாகப் போனால்தான் என்ன என்று கேட்கலாம். கல்லூரியில் 75 சதவீத வருகைப் பதிவு இருந்தால்தான் தேர்வு எழுத முடியும். பல இடங்களில் முதல் மணிக்கு இல்லாவிட்டால் அரை நாள் போய்விடும். அந்த 75-க்குக் கொஞ்சம் கீழே இறங்கினால் ‘கண்டோனேஷன்’ கட்டணம் கட்டி எழுத வேண்டும், இன்னும் இறங்கினால் அதுவும் கிடையாது. ரயில் தாமதம் கடைசியில் ஒரு ரசீதாக மாறி வீட்டுக்கு வருகிறது. இந்த ரசீதைக் கல்லூரிக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவர் கட்ட வேண்டியிருக்காது. தூரத்திலிருந்து வரும் மாணவருக்குச் சில நிமிடச் சலுகை தரும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், நானே அப்படி ஒருவரிடம் படித்தேன். அவர் வருகைப் பதிவை வகுப்பின் கடைசியில்தான் எடுப்பார். அவரை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் நல்ல ஆசிரியர் கிடைப்பதைப் பொறுத்து ஒரு பிள்ளையின் தேர்வு இருக்கக் கூடாது.

காலை இரண்டரை மணி, மாலை இரண்டு மணி என்று எடுத்தால் ஒரு நாளைக்கு நாலரை மணி. பல்கலைக்கழக மானியக் குழு சொல்லும் குறைந்தபட்ச வேலை நாட்கள் வருடத்துக்கு 180. பெருக்கிப் பார்த்தால் 810 மணி நேரம். இரவும் பகலுமாகச் சேர்த்து ஏறக்குறைய முப்பத்து நான்கு முழு நாட்கள் ஒவ்வொரு வருடமும்.

தாமதமும் கூட்டமும் வேறு வேறு அல்ல என்று மேலே பார்த்தோம். கூட்டத்தின் கடைசி இடம் படிக்கட்டு. படியில் தொங்குவதை வீரம் காட்டும் விளையாட்டு என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது எனக்கு ஒப்பவில்லை. விளையாட்டும் இருக்கிறது, மறுக்கவில்லை. ‘ரூட்டு தல’ என்று ஒருவனைத் தங்கள் தடத்துத் தலைவனாகத் தூக்கிவைப்பதும், பஸ் டே என்று கொண்டாடிக் கூரைமேல் ஏறுவதும், ஒரு தடத்துப் பையன்கள் இன்னொரு தடத்துப் பையன்களை அடிப்பதும் நடந்திருக்கின்றன. அதில் பிள்ளைகளை இழந்த வீடுகள் உண்டு. ஆனால் கால் வைக்க இடம் கிடைத்த ஒரே இடம் படி என்பதால் தொங்குபவர்கள் அவர்களைவிட அதிகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-வது பிரிவும் ரயில்வே சட்டத்தின் 156-வது பிரிவும் படிப் பயணத்தைத் தடை செய்கின்றன. ரயிலில் பிடிபட்டால் 500 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு. அந்தச் சட்டம் பின்னால் இரண்டாவது பஸ்ஸைக் கொண்டுவருவதில்லை.

2012 டிசம்பரில் ராஜீவ் காந்தி சாலையில் பெருங்குடி அருகே, படியில் தொங்கிப் போன மாணவர்கள் நான்கு பேர் லாரியில் அடிபட்டு இறந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. பஸ்களுக்குக் கதவு வேண்டும் என்ற பேச்சு அப்போது வலுத்தது. 2018 ஜூலை 24 காலை நடந்தது இன்னும் கொடுமை. மின்கம்பி அறுந்ததால் ரயில்கள் தாமதமாகின. நிலையங்களில் கூட்டம் சேர்ந்தது. பீச்சிலிருந்து திருமால்பூர் போன மின்சார ரயிலை விரைவு ரயில்களுக்கான பாதையில் விட்டார்கள். பரங்கிமலையில் அந்தப் பாதையின் ஓரமாக ஒரு கான்கிரீட் சுவர் இருந்தது. வாசலில் தொங்கி வந்தவர்கள் அதில் மோதி ஐந்து பேர் இறந்தார்கள். தாமதம், அதனால் கூட்டம், அதனால் படி, அப்புறம் சுவர். வரிசையாக வைத்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் படியில் நின்றது வரிசையின் மூன்றாவது கண்ணி. நாம் அதை மட்டும்தான் திட்டுகிறோம்.

பெண் பிள்ளைகளின் கணக்கில் இன்னும் ஒரு வரி உண்டு, அது மாலை நேரம். பறக்கும் ரயில் நிலையங்களில் ஏறியவர்களுக்குத் தெரியும். பக்கிங்ஹாம் கால்வாய் மேல் கட்டப்பட்ட பிரம்மாண்டமான கட்டடங்கள். உள்ளே கடையும் கிடையாது, ஆள் நடமாட்டமும் கிடையாது. சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகு அந்த நீண்ட கூடங்களில் தனியாக நடக்கத் தயங்கி, ரயிலை விட்டுவிட்டு, நேரம் அதிகமானாலும் பரவாயில்லை என்று பஸ்ஸில் போகும் மாணவிகள் நிறையப் பேர். பல கல்லூரிகளில் மதியம் தொடங்கி மாலை வரை போகும் இரண்டாவது ஷிப்டு உண்டு. அந்த வகுப்பு முடிந்து வெளியே வரும்போது இருட்டிவிடும். ஊர் நிலையத்தில் இறங்கியதும் வீட்டுக்குப் போகும் கடைசி இரண்டு கிலோமீட்டருக்குத் தெருவிளக்கு இல்லாவிட்டால் அப்பாவோ அண்ணனோ வண்டியோடு வந்து நிற்க வேண்டும். வர யாருமில்லாத வீட்டில், லைப்ரரியில் உட்கார்ந்து படிப்பதும், விளையாட்டுப் பயிற்சியும், என்.எஸ்.எஸ். கூட்டமும் வேண்டாம் என்றாகிவிடுகிறது. பட்டம் கிடைத்துவிடும். கல்லூரியில் கிடைக்க வேண்டிய மற்றதெல்லாம் ஐந்தரை ரயிலோடு முடிந்துபோகும்.

இவற்றையெல்லாம் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க ஒரு அமைப்பு வேண்டாமா? சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-ல் வந்தது. அதன் முதல் கூட்டம் நடந்தது 2022-ல். 2025 செப்டம்பரில் அந்தக் குழுமம் ‘சென்னை ஒன்’ செயலியைக் கொண்டுவந்தது. பஸ், மின்சார ரயில், மெட்ரோ எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்கலாம், பஸ் எங்கே வருகிறது என்று பார்க்கலாம். நல்ல தொடக்கம். ஆனால் பாஸிலும் சீசனிலும் போகும் மாணவருக்கு டிக்கெட் எடுப்பது என்றைக்குமே பெரிய சிக்கலாக இருந்ததில்லை. அவருக்கு வேண்டியது, மேற்கிலிருந்து ரயில் வந்து இறங்கினால் ஏழெட்டு நிமிடத்தில் பார்க் டவுனில் அடுத்த ரயில் இருப்பது. நீண்ட தடங்களில் நடுவழியில் ஒரு டைம் கீப்பர் நின்று, முன்னால் போகும் பஸ்ஸோடு ஒட்டிவரும் பஸ்ஸை மூன்று நிமிடம் நிறுத்தி அனுப்புவது. பஸ்ஸுக்குள் இருப்பவர்கள் அந்த மூன்று நிமிடத்துக்காகத் திட்டுவார்கள்தான். அடுத்தடுத்த நிறுத்தங்களில் நிற்பவர்களுக்கு அது பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தும். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை, கல்லூரிகள் இருக்கும் தடங்களில், வருவதெல்லாம் வெள்ளை போர்டாகவே வந்தாலும் பாதிக் கஷ்டம் தீரும். இவற்றில் எதற்கும் பாலமோ சுரங்கமோ தோண்டத் தேவையில்லை.

தோண்டும் வேலைகளில் மாணவரின் காலண்டர் யார் நினைவுக்கும் வருவதில்லை. பீச்–எழும்பூர் நான்காவது பாதைக்காக, பறக்கும் ரயிலை 2023 ஆகஸ்ட் 27 முதல் பீச்சுக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே நிறுத்தினார்கள். பார்க் டவுன் அந்தப் பகுதியில்தான் வருகிறது. ஏழு மாதம் என்று சொன்னார்கள். மறுபடி ஓடியது 2024 அக்டோபர் கடைசியில், பதினான்கு மாதம் கழித்து. அந்த வருடம் முதலாண்டு சேர்ந்த திருநின்றவூர் மாணவி, ரயில் திரும்பி வருவதற்குள் இரண்டாம் ஆண்டில் பாதியை நெருங்கிக்கொண்டிருந்தாள். அதுவரை சென்ட்ரலில் இறங்கி பஸ்ஸுக்கு நின்றாள், இல்லாவிட்டால் சிந்தாதிரிப்பேட்டை வரை நடந்தாள். தெற்கே வேளச்சேரியையும் பரங்கிமலையையும் இணைக்கும் பறக்கும் ரயில் வேலை 2008-ல் தொடங்கியது. மொத்தமே ஐந்து கிலோமீட்டர். கடைசி ஐந்நூறு மீட்டருக்கான நிலத் தகராறில் வருடக் கணக்காக நின்றது. வேலை தொடங்கிய வருடம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை 2020-ல் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, 2023-ல் மூன்று வருடப் பட்டமும் வாங்கியிருக்கும். அவ்வளவு வருடமும் வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை போக வேண்டியவர்கள், ரயிலிலிருந்து இறங்கி, தலைக்கு மேலே தூண்கள் நிற்கும் சாலையில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நின்றார்கள்.